டி அண்ட் சி எதற்குச் செய்கிறார்கள்?

கர்ப்பப்பை வாயை மெல்ல விரித்து, உள்ளே இருக்கும் சவ்வைச் சுரண்டி எடுப்பதுதான் டி அண்ட் சி. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்.

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 58 வயது. மாதவிடாய் நின்று பல வருஷம் ஆகிறது. போன வாரம் லேசாக இரத்தம் பட்டது. ஸ்கேனில் சவ்வு 9 மி.மீ. 'ஒரு தடவைதானே, விடு' என்கிறார்.

பதில்: விடக்கூடாது தம்பி. மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் பார்த்தே ஆகவேண்டும். இரத்தக்கசிவோடு சவ்வும் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் திசு எடுத்துப் பரிசோதிப்பது வழக்கம். பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. பாலிப் (உள்சவ்வில் வளரும் சிறு சதை) மாதிரி சாதாரணக் காரணங்களே அதிகம். இருந்தாலும் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தாலோ, மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிட்டிருந்தாலோ மறக்காமல் சொல்லுங்கள். ஓ.பி.யிலேயே மெல்லிய குழாய் விட்டு எடுக்கும் பயாப்சி போதுமா என்றும் கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டியதில்லை.

கேள்வி: எனக்கு 46. மாதாமாதம் இரத்தம் கட்டி கட்டியாகப் போகிறது. 'க்ளீன் பண்ணிட்டா சரியாகிடும்' என்கிறார் மாமியார்.

பதில்: நிறைய வீடுகளில் இப்படித்தான் நம்புகிறார்கள். போக்கு ஓரிரு மாதம் குறையலாம், அப்புறம் பழையபடி ஆரம்பித்துவிடும். நிற்காமல் கொட்டும்போது அவசரத்துக்குச் செய்வதுண்டு. மற்றபடி இது காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான். எடுத்த திசு லேபுக்குப் போய், ரிப்போர்ட் உங்கள் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் நீங்கள் பட்ட வலி வீண். கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், முதலில் அந்த ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கர்ப்பப்பையில் கட்டி இல்லை, தைராய்டும் சரி, ரிப்போர்ட்டும் நல்லபடி என்றால் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப் என்று வேறு வழிகள் இருக்கின்றன. ஹீமோகுளோபினை இன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: 9 வாரத்தில் குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்றுவிட்டார்கள். கட்டாயம் டி அண்ட் சி செய்யவேண்டுமா?

பதில்: மனசு எவ்வளவு தவிக்கும் என்று தெரியும் அம்மா. நீங்கள் செய்த எதனாலும் இது நடக்கவில்லை. கட்டாயம் இல்லை. தானாக வெளியேறக் காத்திருக்கலாம், மாத்திரை வைக்கலாம். இரத்தப்போக்கு அதிகமானாலோ, காய்ச்சல் வந்தாலோ, மிச்சம் உள்ளே தங்கிவிட்டாலோ தாமதிக்கக்கூடாது. அப்போதும் சுரண்டுவதைவிட உறிஞ்சி எடுப்பது நல்லது. உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் பரிந்துரைக்கிறது. ஆழமாகச் சுரண்டினால் கர்ப்பப்பைச் சுவர்கள் ஒட்டிக்கொண்டு, அடுத்த கர்ப்பத்துக்கு இடைஞ்சலாகலாம். உங்கள் இரத்தம் நெகட்டிவ் குரூப் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். அடுத்த கர்ப்பத்தில் குழந்தைக்குப் பாதிப்பு வராமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் போடவேண்டும்.

கேள்வி: குழந்தை இல்லை என்று போனோம். டி.பி. இருக்கிறதா பார்க்கக் கர்ப்பப்பையில் திசு எடுக்கச் சொல்கிறார்கள். நெஞ்சில் சளிகூட இல்லையே?

பதில்: நுரையீரலில் ஒன்றும் தெரியாமலே கருக்குழாயிலும் கர்ப்பப்பையிலும் டி.பி. இருக்கலாம். நம் நாட்டில் குழந்தையின்மைக்கு அதுவும் ஒரு காரணம். மாதவிடாய் வருவதற்குச் சற்று முன் எடுப்பார்கள். திசு முழுவதையும் ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) போட்டால் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு பகுதியைச் சலைனில் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.