பெரிய பெயரா, பிடித்த பாடமா? முதலாமாண்டில் சேரப்போகும் ஒருவருக்குப் பதில்

கேள்வி: எனக்கு இரண்டு இடங்களில் சேர்க்கை கிடைத்திருக்கிறது. ஒன்று எல்லோரும் அறிந்த பெரிய பல்கலைக்கழகம். அங்கே வேதியியல்தான் கிடைத்தது. இன்னொன்று அவ்வளவாகப் பெயர் தெரியாத இடம், ஆனால் நான் ஆசைப்பட்ட நுண்ணுயிரியல். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்குப் போகும் முதல் ஆள் நான். பெயருள்ள இடத்தை விட்டுவிடாதே என்று சுற்றியுள்ளவர்கள் சொல்கிறார்கள். எனக்குக் கூச்ச சுபாவம் வேறு. விடுதியில் யாரையும் தெரியாமல் எப்படிச் சமாளிப்பேன் என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுண்ணுயிரியலில் சேருங்கள், ஆனால் அந்தத் துறையை நன்றாக விசாரித்த பிறகு. அடுத்த சில ஆண்டுகள் உங்கள் வாரம் எப்படிப் போகும் என்பது நீங்கள் சேரும் துறையைப் பொறுத்தது. யார் பாடம் எடுக்கிறார்கள், லேபில் எவ்வளவு நேரம், கூடப் படிப்பவர்கள் எப்படி என்பதெல்லாம் துறைக்குத் துறை மாறும். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை அருமையாக இருக்கும், அடுத்த கட்டடத்தில் இருப்பது சோர்ந்து கிடக்கும்.

பெயர் என்று சொல்லும்போது பலர் மனதில் இருப்பது தரவரிசை. அது எதை அளக்கிறது என்று பாருங்கள். உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்த 2003ல் சீனாவில் தொடங்கிய ஷாங்காய் தரவரிசையில், முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் வென்ற நோபல் பரிசுகளுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கங்களுக்கும் மட்டும் 30 சதவீத மதிப்பு. நேச்சர், சயன்ஸ் என்ற ஆராய்ச்சி இதழ்களில் வெளியான கட்டுரைகளுக்கு இன்னொரு 20. முதலாமாண்டு வகுப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு அதில் இடமே கிடையாது. கியூஎஸ் என்ற இன்னொரு உலகத் தரவரிசையில் ஆசிரியர் - மாணவர் விகிதம் இருக்கிறது, ஆனால் அதற்கு 10 சதவீதம்தான். கல்வியாளர்களிடம் கருத்துக் கேட்டுக் கணக்கிடும் நற்பெயருக்கு 30 சதவீதம். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு இடம் தேடுபவருக்கு இந்த எண்கள் ஓரளவு உதவும். இளங்கலையில் காலடி வைக்கும் உங்களுக்கு இவை சொல்வது குறைவு.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒன்றை மறைக்கக்கூடாது. அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள், சம திறமையுள்ள மாணவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய கல்லூரியில் படித்தவர்களும், அதே தகுதியோடு அவ்வளவு பெயரில்லாத கல்லூரிக்குப் போனவர்களும் பிற்காலத்தில் சராசரியாக ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். முதல் ஆய்வு 2002ல் வந்தது, தொடர் ஆய்வு 2014ல். அந்தத் தொடர் ஆய்வு சில விதிவிலக்குகளையும் காட்டியது. அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி உண்மையாகவே பலன் தந்திருந்தது. எனக்குத் தெரிந்தவரை இதற்குக் காரணம் தொடர்புகள். வீட்டில் வழிகாட்ட ஆளில்லாதவருக்கு அந்த வளாகம் அந்த ஆட்களைக் கொடுக்கிறது. ஆகவே சுற்றியுள்ளவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெயர் தெரியாத அந்த இடம் உங்களுக்கு அந்த ஆட்களைக் கொடுக்குமா? விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

எப்படி விசாரிப்பது? பார்வையாளர்களுக்கென்று அலங்கரித்து வைத்திருக்கும் நாளில் போகாதீர்கள். வகுப்பு நடக்கும் சாதாரண நாளில் போய், இரண்டாமாண்டு மாணவர்களிடம் பேசுங்கள். முதலாமாண்டுக்காரர்களுக்கு எல்லாமே இன்னும் புதுசு, கடைசி ஆண்டுக்காரர்களின் மனம் வெளியே போய்விட்டது. இரண்டாமாண்டுக்காரர்கள்தான் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள். “இந்த இடம் நல்லதா?” என்று கேட்டால் “நல்லதுதான்” என்றே பதில் வரும். “கடைசியாக எப்போது ஒரு ஆசிரியரிடம் வகுப்புக்கு வெளியே பேசினீர்கள், எதைப் பற்றி?” என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் எடுக்கும் நேரமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

நுண்ணுயிரியல் கையால் கற்கும் படிப்பு. நுண்ணுயிர்களை வளர்க்கும் ஊடகம் தயாரிப்பது, கிருமி நீக்கம், ஊடகத் தட்டில் கோடிழுத்து ஒரு நுண்ணுயிர் இனத்தைத் தனியாகப் பிரிப்பது, நுண்ணோக்கியில் பார்ப்பது எல்லாம் திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும். லேபில் ஒரு மேசைக்கு எத்தனை பேர்? கருவியை இளங்கலை மாணவர்கள் தொடுகிறார்களா, யாரோ செய்து காட்ட நின்று பார்க்கிறார்களா? கடைசி ஆண்டு புராஜெக்டை ஆசிரியரின் ஆராய்ச்சி லேபிலேயே செய்ய விடுகிறார்களா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் எனக்குத் தயக்கமில்லை. கூட்டம் அதிகம், கருவி பூட்டியே இருக்கிறது, ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்கள் என்று வந்தால் வேதியியலுக்குப் போங்கள். வேதியியலில் அடித்தளம் போட்டுவிட்டு மேற்படிப்பில் உயிர்வேதியியல் பக்கம் வந்து, அங்கிருந்து நுண்ணுயிரிகளை ஆராயப் போவதும் உள்ள வழிதான்.

பாடத்திட்டக் கையேட்டில் அச்சிட்டிருக்கும் விருப்பப் பாடங்கள் எல்லாமே ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் என்று நினைக்காதீர்கள். ஆள் சேராவிட்டாலும், நடத்த ஆசிரியர் இல்லாவிட்டாலும் விட்டுவிடுவார்கள். கடந்த இரண்டு ஆண்டுகளின் கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், உண்மை அதில் இருக்கும். வேலை கிடைத்தவர்கள் இத்தனை சதவீதம் என்று விளம்பரம் செய்தால், யாருடைய சதவீதம் என்று கேளுங்கள். சேர்ந்தவர்கள் எல்லோரையும் கணக்கில் எடுத்தார்களா, வேலைக்குப் பதிவு செய்தவர்களை மட்டுமா? இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கலாம். பணத்தைப் பொறுத்தவரை, முதல் ஆண்டுக் கட்டணத்தோடு நிறுத்தாமல் விடுதி, போக்குவரத்து சேர்த்து மொத்தப் படிப்புக்கும் கணக்குப் போடுங்கள். உதவித்தொகை இருந்தால், அடுத்த ஆண்டும் தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

சரி, கூச்சத்துக்கு வருவோம்.

நட்புக்குக் கலகலப்பான சுபாவத்தைவிட ஒரே ஆட்களை அடிக்கடி பார்ப்பதுதான் அதிகம் உதவுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குடியிருப்பு ஒன்றில் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரின் குழுவினர் செய்து 1950ல் வெளியிட்ட ஆய்வில், யார் யாருக்கு நண்பர் என்பதைப் பெரிதும் தீர்மானித்தது வீட்டு வாசல்களுக்கு இடையிலான தூரம். ஜெஃப்ரி ஹால் என்பவரின் 2018ஆம் ஆண்டு ஆய்வோ, அறிமுகமானவர் சாதாரண நண்பராக, சேர்ந்து கழிக்கும் நேரம் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் தேவைப்படலாம் என்று கணக்கிட்டது. முதல் இரண்டு வாரத்தில் 200 மணி நேரம் யாருக்கும் கிடைக்காது. ஆகவே மூன்றாவது வாரத்தில் நெருங்கிய நண்பர் இல்லையே என்று கலங்க வேண்டாம். வகுப்பில் ஏறக்குறைய ஒரே இடத்தில் உட்காருங்கள். வாரம் தவறாமல் கூடும் ஒரு குழுவில், விளையாட்டோ நாடகமோ எதுவானாலும், சேர்ந்து குறைந்தது ஒரு செமஸ்டர் விடாமல் போங்கள். பத்துக் குழுக்களில் பெயர் கொடுத்துவிட்டு எதற்கும் போகாமல் இருப்பதுதான் முதலாமாண்டில் நான் அதிகம் பார்ப்பது.

ரூம்மேட்டோடு நல்ல நண்பராக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒத்துப் போனால் போதும். தூங்கும் நேரம், விளக்கு, வெளியாட்கள் வருவது, பொருட்களை எடுத்துப் பயன்படுத்துவது ஆகிய நான்கையும் முதல் வாரத்திலேயே, யாருக்கும் கோபம் இல்லாதபோது பேசிவிடுங்கள். பிறகு பேசினால் அது குற்றச்சாட்டாகிவிடும்.

வீட்டு ஏக்கம் முதல் சில வாரங்களில் கடுமையாக இருக்கும். முதல் விடுமுறை முடிந்து திரும்பும்போது மறுபடி ஒரு முறை வரும், அதற்கும் தயாராக இருங்கள். மனம் கனக்கும் போதெல்லாம் போன் செய்வதைவிட, தினமும் ஒரு நேரம் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. ஆனால் இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, வகுப்புக்குப் போகவே முடியவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். வளாக ஆலோசகரைப் பாருங்கள். உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால், இரண்டு வாரம் என்ற கணக்கெல்லாம் வேண்டாம், அன்றே யாரிடமாவது சொல்லுங்கள்.

படிப்பில் பின்தங்குவோமோ என்ற கவலை பெரும்பாலும் நேரக் கணக்கு தெரியாததால் வருகிறது. ஐரோப்பிய கிரெடிட் முறையில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு அதில் ஒரு பகுதிதான், மீதியை நீங்களே படிக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பள்ளியில் போல யாரும் வந்து விரட்ட மாட்டார்கள். படிக்கும்போது திரும்பத் திரும்ப வாசிப்பதைக் குறைத்து, நோட்டை மூடி நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006ல் வெளியிட்ட சோதனைகளில் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தவர்கள் அப்படிச் செய்தவர்கள்தான். தூக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். எம்.ஐ.டி. வேதியியல் வகுப்பு ஒன்றில் நடந்த ஆய்வு 2019ல் வெளியானது. தேர்வுக்கு முந்தைய இரவுத் தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் அதில் தொடர்பு தெரியவில்லை. அதற்கு முந்தைய வாரங்களில் ஒழுங்காகத் தூங்கியதோடுதான் தொடர்பு இருந்தது.

குடும்பத்தின் முதல் பட்டதாரிகளிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. ஆசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்க நேரம் ஒதுக்குவார்கள். பாடம் புரியாமல் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் அது என்று நினைத்துப் பலர் போவதே இல்லை. அது எல்லோருக்கும் உரிய நேரம். முதல் மாதத்திலேயே ஒருவரிடமாவது போய், வகுப்பில் வந்த ஏதோ ஒரு கேள்வியோடு பத்து நிமிடம் பேசுங்கள். மேலே சொன்ன தொடர்புகள் அங்கேதான் தொடங்குகின்றன. பின்னாளில் பரிந்துரைக் கடிதமோ லேபில் ஓர் இடமோ கேட்கும்போது, அவருக்கு உங்கள் முகம் தெரிந்திருக்கும்.

ஒரு செமஸ்டர் முடிந்தும் தவறான இடம் என்றே தோன்றினால், மாறுவதில் அவமானம் இல்லை. பாடங்களைக் கைவிடவும் மாற்றவும் கடைசித் தேதி பெரும்பாலும் செமஸ்டரின் தொடக்க வாரங்களிலேயே வந்துவிடும் என்பதால் அதை முதல் நாளே குறித்துவையுங்கள். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸ் பிரதியையும் மதிப்பெண் பட்டியலையும் பத்திரமாக வைத்திருங்கள். வேறு துறையோ வேறு பல்கலைக்கழகமோ, முடித்த கிரெடிட்டை ஏற்பதற்கு முன் அவற்றைத்தான் கேட்கும்.