மூச்சு வாங்கவில்லையே, பிறகு எதற்கு ஆபரேஷன்?

கேள்வி: எனக்கு வயது 51. பள்ளி ஆசிரியை. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வின் பின்னிதழ் தொங்குகிறது, லீக் இருக்கிறது என்று ஆறு வருடத்துக்கு முன் சொன்னார்கள். வருடந்தோறும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கிறேன். போன வருடம் 64 சதவீதமாக இருந்த இ.எஃப். இப்போது 58. "லீக் கடுமையாகிவிட்டது, சுருங்கும்போதே இதயம் 42 மில்லிமீட்டர் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்" என்கிறார் டாக்டர். ஆனால் 55-க்கு மேல் இருந்தால் நார்மல் என்று ரிப்போர்ட்டிலேயே அச்சடித்திருக்கிறது. தினமும் இரண்டு மாடி ஏறித்தான் வகுப்பு எடுக்கிறேன். தை மாதம் மகள் கல்யாணம். அதை முடித்துவிட்டுச் செய்துகொள்ளலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் டாக்டர் சொல்வது சரி. ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் அந்த 55, வால்வு நன்றாக இருப்பவர்களுக்கான கணக்கு. உங்களுக்கு அது பொருந்தாது.

இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் இ.எஃப். எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று அது சொல்லாது. கடுமையான லீக்கில், தள்ளியதில் பாதி அளவுக்குத் திரும்பவும் மேலறைக்கே போய்விடும். ஃபுட் வால்வு பழுதான மோட்டாரைப் பார்த்திருப்பீர்கள்; சத்தம் கேட்கும், தொட்டி நிறையாது. மேலறையில் அழுத்தம் குறைவு என்பதால் அந்தப் பக்கம் தள்ளுவது இதயத்துக்குச் சுலபமும்கூட. ஆகவே தசை தளர ஆரம்பித்த பிறகும் எண் அழகாகவே தெரியும். இதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு இ.எஃப். 60 அல்லது அதற்குக் கீழே வந்தாலோ, சுருங்கிய நிலையில் இதயத்தின் அளவு 40 மில்லிமீட்டரை எட்டினாலோ, மூச்சு வாங்காவிட்டாலும் ஆபரேஷன் செய்யச் சொல்கிறோம். நீங்கள் இரண்டையுமே தாண்டிவிட்டீர்கள்.

எக்கோ எடுப்பவரைப் பொறுத்து நாலைந்து எண் முன்பின் வரும், அது உண்மை. சந்தேகமிருந்தால் இந்த வாரமே வேறொருவரிடம் இன்னொரு எக்கோ எடுங்கள். ஆனால் இ.எஃப். இறங்குவதும் அறை விரிவதும் ஒன்றாக நடக்கும்போது, அளவெடுத்ததில் பிழை என்று நான் நினைக்க மாட்டேன். இன்னொன்று: மாடி ஏறும்போது நடுவில் நின்று யாரிடமாவது பேசிவிட்டு ஏறுகிறீர்களா? போன வருடம் தூக்கிய நோட்டுக் கட்டை இப்போது மாணவியிடம் கொடுத்தனுப்புகிறீர்களா? உங்களைக் கேட்பதைவிட உங்கள் கணவரைக் கேட்டால் சரியாகத் தெரியும். இந்த நோயில் மனிதர்கள் தம்மை அறியாமலே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

காத்திருப்பதில் எனக்குள்ள பயம் இதுதான்: தளர்ந்த தசை, வால்வைச் சரிசெய்த பிறகும் முழுதாகத் திரும்பி வராமல் போகலாம். இதயத் துடிப்பு தாறுமாறாகிற தொல்லையும் சேர்ந்துகொள்ளும்.

இனி எதைச் செய்வது என்பது. வால்வை மாற்றுவது வேறு, பழுதுபார்ப்பது வேறு. உலோக வால்வு என்றால் ஆயுள் முழுக்க ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்க அடிக்கடி ஐ.என்.ஆர். பரிசோதனை. திசு வால்வு 51 வயதில் வைத்தால் பத்துப் பதினைந்து வருடத்தில் தேய்ந்துபோய் மறுபடியும் ஆபரேஷன் வரலாம். உங்களுடைய வால்வையே தைத்து, வளையம் பொருத்திக் காப்பாற்றினால் இரண்டும் பெரும்பாலும் தேவைப்படாது. நம் ஊரில் சிறுவயது மூட்டுக் காய்ச்சலால் தடித்துப்போன வால்வுகள் நிறைய. அவற்றைப் பழுதுபார்ப்பது கடினம். பின்னிதழ் மட்டும் தொங்குகிற உங்களுடையது, பழுதுபார்க்க மிகவும் தோதானது. ஆனால் பழகிய கை வேண்டும். "இந்த மாதிரி வால்வை வருடத்துக்கு எத்தனை பழுதுபார்க்கிறீர்கள், எத்தனை பேருக்கு மாற்ற வேண்டிவந்தது?" என்று அறுவை நிபுணரிடம் நேராகக் கேளுங்கள். சங்கடப்பட வேண்டாம், நல்ல நிபுணர் இதைத் தப்பாக நினைக்க மாட்டார். பதில் திருப்தி தராவிட்டால் கோவையிலோ சென்னையிலோ இன்னொருவரைப் பாருங்கள். காப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். இப்போது புரட்டாசி. ஐப்பசியில் ஆபரேஷன் முடிந்தால், நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறேழு வாரம், தெம்பு வர இன்னும் கொஞ்ச நாள். தை முகூர்த்தத்தில் மணவறைப் பக்கத்தில் நிற்கலாம். பத்திரிகை வைக்க ஊர் ஊராக அலைவதும் சமையல் சாமான் தூக்குவதும் முடியாது. அதை உங்கள் தம்பி, தங்கைகள் பார்க்கட்டும். மகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள், கல்யாணப் பெண்ணிடம் மறைத்தால் அவளுக்குப் பிறகு அது பெரிய வருத்தமாகும்.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன் பல் டாக்டரைப் பாருங்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தம் வழியே வால்வுக்குப் போகும். இதற்கிடையில் படுத்தால் மூச்சு முட்டினாலோ படபடப்பு வந்தாலோ, எந்த நாள் குறித்திருந்தாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.