காதுக்குப் பின்னால் ஏன் ஈரம்?

கேள்வி: மகன் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமாகிறது. கந்தோரில் அவனைப் பற்றி ‘ஸ்டில் வெட் பிஹைண்ட் த இயர்ஸ்’ என்று சொல்லிச் சிரித்தார்களாம். தலையைச் சரியாகத் துவட்டாமல் வேலைக்குப் போகிறான் என்கிறார்களா?
— வாசகி, ஹட்டன்

பதில்: துவாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை அம்மா. அனுபவம் போதாத பொடியன், உலகம் தெரியாதவன் என்று மட்டம் தட்டுகிற பேச்சு இது.

பசு கன்று போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தாய் நக்கி நக்கியே முதுகும் விலாவும் காய்ந்துவிடும். காதின் அடி மடிப்பில், மயிர் ஒட்டிக் கிடக்கும் அந்தக் குழியில் மட்டும் ஈரம் தங்கி நிற்கும். நம் பக்கத்துப் பனிக்கு இன்னும் நேரமெடுக்கும். அங்கே காயவில்லை என்றால் கன்று இப்போதுதான் பிறந்திருக்கிறது. வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான்.

‘காதுக்குப் பின்னால் இன்னும் காயவில்லை’ என்று ஜெர்மன் மொழியிலும் சொல்வார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய் ஆங்கிலத்தில் ஏறியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இன்றைய ஜெர்மானியர் ‘காதுக்குப் பின்னால் பச்சை’ என்றும் சொல்கிறார்கள். ஆங்கிலத்திலும் அனுபவமில்லாதவன் ‘கிரீன்’தான். பச்சை விறகை அடுப்பில் வைத்தவர்களுக்கு இந்த உவமை சட்டென்று விளங்கும்: புகை வரும், சூடு வராது.

பேசும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘பிஹைண்ட்’ என்பதை விட்டு ‘இன் த இயர்ஸ்’ என்றால் காதுக்குள் தண்ணீர் போன கதையாகிவிடும். ‘இயர்ஸ்’ எப்போதும் பன்மை. ‘ஸ்டில்’ கட்டாயமில்லை, ஆனால் பெரும்பாலும் கூடவே வரும். விண்ணப்பக் கடிதத்திலோ மேலதிகாரியைப் பற்றியோ எழுதிவிடாதீர்கள், அவமதிப்பாகவே படும்.

தமிழில் எதைப் போடுவது? ‘பால்மணம் மாறாத’ என்பதில் பாசம் இருக்கிறது, இந்த ஏளனம் இல்லை. ‘முளைச்சு மூணு இலை விடல’ என்பது வயதுக்கு மீறிப் பேசுபவனுக்கு. ‘நேத்துப் பேஞ்ச மழையில மொளச்ச காளான்’ கொஞ்சம் கிட்ட வருகிறது, ஆனால் அதில் திமிர்பிடித்தவன் என்ற குத்தலும் கலந்திருக்கிறது. உங்கள் மகன் விஷயத்தில் ‘இன்னும் பச்சப்புள்ள’ என்பதே பொருந்தும்.

கேள்வி: ‘ஐ வாஸ் போர்ன் யெஸ்டர்டே’ என்று சொல்லலாமா?
— மாணவன், பண்டாரவளை

பதில்: அப்படி நேராகச் சொல்லும் வழக்கமில்லை தம்பி. ‘ஐ வாஸ்ண்ட் போர்ன் யெஸ்டர்டே’ (நான் நேற்றுப் பிறந்தவனல்ல) என்று எதிர்மறையாகவோ, ‘டு யூ திங்க் ஐ வாஸ் போர்ன் யெஸ்டர்டே?’ என்று கேள்வியாகவோதான் வரும். ஏமாற்றப் பார்ப்பவனிடம் நாம் சொல்வோமே, ‘என் காதுல பூ சுத்தாத’ என்று, அதுதான்.