பச்சை பட்டனை விட்டதும் நிற்கிறதா மர லேத்? மோட்டாரைக் கழற்றாதீர்கள்

கேள்வி: வீட்டை ஒட்டிய கொட்டகையில் சிறிய மர லேத் வைத்துப் பம்பரமும் பூரிக்கட்டையும் கடைந்து கொடுக்கிறேன். அரை எச்.பி. மோட்டார். கொஞ்ச நாட்களாகப் பச்சை பட்டனை அழுத்திப் பிடித்தால் ஓடுகிறது, கையை எடுத்தால் நின்றுவிடுகிறது. காலையில் பரவாயில்லை, மாலையில் மோசம். மெக்கானிக், "மோட்டார் காயில் போய்விட்டது, கட்ட வேண்டும். அதுவரை ஸ்விட்சை எடுத்துவிட்டு டைரக்ட் கொடுத்துவிடுகிறேன்" என்கிறார். செய்யலாமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். மோட்டாரை அவரிடம் கழற்றிக் கொடுக்கவும் வேண்டாம்.

பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்போது லேத் ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மோட்டார் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சோதனை தேவையில்லை. காயில் எரிந்த மோட்டார் உறுமும், சூடேறும், கருகல் வாடை வரும், ஃபியூஸ் போகும். பட்டனில் விரல் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து ஓடாது.

கோளாறு ஸ்விட்சிலோ அதற்கு வரும் மின்சாரத்திலோ இருக்கிறது. பச்சையும் சிவப்புமாக இரண்டு பட்டன் உள்ள இந்த ஸ்விட்ச், வீட்டு விளக்கு ஸ்விட்சைப் போன்றதல்ல. இதற்குள்ளே ஒரு சிறு காந்தக் காயில் இருக்கிறது. பச்சையை அழுத்தியதும் உள்ளே இணைப்பு சேர்கிறது. அதே நொடியில் அந்தக் காயிலுக்கும் மின்சாரம் போய், விரலை எடுத்த பிறகும் இணைப்பை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. கரண்ட் போனால் பிடி விட்டுவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும், மறுபடி பச்சையை அழுத்தினால்தான் ஓடும். உங்கள் ஸ்விட்ச் இணைப்பைச் சேர்க்கிறது, ஆனால் பிடித்துவைப்பதில்லை. சிக்கல் அவ்வளவுதான்.

மாலையில் மோசம் என்கிறீர்களே, அதை மெக்கானிக் காதில் வாங்கவே இல்லை போலிருக்கிறது. எனக்கு அதுதான் முதல் தடயம். இந்தக் காயில்கள் குறித்த வோல்டேஜில் சுமார் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் எப்போது வேண்டுமானாலும் பிடியை விடக்கூடியவை. 230 வோல்ட் காயில் என்றால் 160-ஐ ஒட்டி வரும்போதே விட்டுவிடலாம். மரத்தூள் புகுந்த காயில் அதற்கு முன்பே விடும். ஊரே விளக்கும் மோட்டாரும் போடும் நேரத்தில் உங்கள் கொட்டகைக்கு 185 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து 25 மீட்டருக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்திருந்தால், போக வர 50 மீட்டர் செம்பு. மோட்டார் கிளம்பும் நொடியில் 20 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த நொடியில் 24 வோல்ட் வயரிலேயே கரைந்துவிடும். மிஞ்சுவது 161. காயில் எப்படிப் பிடிக்கும்? அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருந்தால் ஏழு வோல்ட்தான் இழப்பு.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். இன்று மாலை, லேத்தில் மரம் எதுவும் பூட்டாமல், பச்சை பட்டனை மோட்டார் முழு வேகம் எடுக்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். பிறகு மெதுவாக விடுங்கள். தொடர்ந்து ஓடினால் ஸ்விட்ச் நல்லது, கிளம்பும்போது வோல்டேஜ் படுத்துவிடுகிறது என்று பொருள். வயரை மாற்றுங்கள், பிளக்கும் சாக்கெட்டும் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். வோல்டேஜ் குறைவு என்று மின்வாரியத்தில் புகார் கொடுத்தால் மாலையிலேயே வந்து அளக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். காலையில் அளந்து, எல்லாம் சரி என்று எழுதிக்கொடுக்கும் தாளால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

முழு வேகத்திலும் விட்ட உடனே நின்றால் ஸ்விட்சைத் திறக்க வேண்டியதுதான். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, கண்ணில் படும் இடத்தில் போட்டுவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரைத் தொட வேண்டும். சுவரில் ஸ்விட்சை அணைத்தால் போதும் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஃபேஸும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலும் (திரும்பிப் போகும் வயர்) மாறி இணைத்த வீடுகள் ஏராளம். மின் வேலை பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து, பக்கத்தில் நின்று பாருங்கள்.

முதலில் தூசி. கடைசல் வேலையில் வரும் சுருள் சீவல் உள்ளே போகாது. உப்புத்தாள் தேய்க்கும்போது பறக்கும் மாவு போன்ற தூள்தான் போகும். அது காந்தத்தின் முகத்தில் படிந்தால் இரும்புத் துண்டு முழுதாக ஒட்டாமல் பிடி தளர்ந்துவிடும். உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். எண்ணெய் ஸ்பிரே அடிக்கவே அடிக்காதீர்கள்; தூளும் எண்ணெயும் சேர்ந்து பசையாகிவிடும்.

அடுத்து, ஸ்விட்சின் பின்புறம் 'ஏ1' என்று பொறித்த சிறு முனை இருக்கிறதா பாருங்கள். பல ஸ்விட்சுகளில் காயிலுக்கான வயர் அங்கேதான் வருகிறது. லேத்தின் அதிர்வில் அது கழன்றிருந்தால் நீங்கள் சொல்லும் கோளாறு அப்படியே வரும். சில லேத்களில் பெல்ட் மூடிக்குப் பின்னால் உள்ள குட்டி ஸ்விட்ச் வழியாகவும் இந்த வயர் போகும். மூடி சரியாக உட்காராவிட்டாலும் ஸ்விட்ச் இணைப்பைப் பிடித்துவைக்காது. அந்த வயரில் கரண்ட் வருகிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்த்து முடிவுக்கு வருபவரை நம்பாதீர்கள். நியூட்ரல் அறுந்திருந்தாலும் ஃபேஸ் பக்கத்தில் டெஸ்டர் எரியத்தான் செய்யும். மல்டிமீட்டர் வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, மோட்டார் வயர்களைக் கழற்றிவிட்டு, ஏ1 முனைக்கும் மோட்டாருக்குப் போகும் முனைகளுக்கும் இடையே ஓம்ஸ் (மின்தடை) பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு முனையில் எண் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. எதிலுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது, புது ஸ்விட்ச் வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை.

இதைச் சொல்லாமல் மோட்டாரைக் கழற்றச் சொல்வது ஏன் என்று கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும். காயில் கட்டினால் கூலி ஆயிரக்கணக்கில். பழைய செம்புக் கம்பி கடையிலேயே தங்கிவிடும். செம்பு இருந்த இடத்தில் அலுமினியம் சுற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. நல்ல மோட்டாரைக் கொடுத்து மட்டமான மோட்டாரை வாங்கி வருவீர்கள். லேத்தை இறக்குமதி செய்து விற்பவர்களும் சளைத்தவர்களல்ல. வயரிங் படம் தருவதில்லை, ஸ்விட்ச் மட்டும் கேட்டால் முழுப் பெட்டியையும் வாங்கு என்கிறார்கள். ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்கக்கூடிய படம் அது. அதைக்கூடத் தராத விற்பனைக்கு என்ன பெயர் சொல்வது?

'டைரக்ட்' விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடைசல் நடுவில் கரண்ட் போகிறது. மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் அதன் சாவியைச் செருகி மரத்தைத் தளர்த்துகிறீர்கள். அல்லது உளி தாங்கியை மரத்தோடு ஒட்டி நகர்த்துகிறீர்கள், சேலைத் தலைப்பு பக்கத்தில் இருக்கிறது. அப்போது கரண்ட் வந்தால், டைரக்ட் கொடுத்த லேத் அந்த நொடியே சுழலும். சாவி முகத்துக்குப் பறக்கும், தலைப்பு சுற்றிக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் அந்தப் பச்சை பட்டனே இருக்கிறது. "ஒரு வாரத்துக்குத்தானே" என்று போட்ட டைரக்ட் வருடக்கணக்கில் அப்படியே கிடப்பதைத்தான் பட்டறைகளில் பார்க்கிறேன். ஆறு ஆம்பியர் விளக்கு ஸ்விட்சைப் போட்டுத் தருகிறேன் என்றாலும் இதே பதில்தான். கரண்ட் போனாலும் அது போட்டபடியே இருக்கும், மோட்டார் கிளம்பும் இழுப்பில் அதன் முனைகளும் தீய்ந்துவிடும்.

புது ஸ்விட்ச் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். துளை அளவும் முனைகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். காயில் வோல்டேஜ் 230 என்று உடம்பில் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பார்ப்பதற்கு அச்சாக அதே போன்ற 120 வோல்ட் ஸ்விட்சும் இணையக் கடைகளில் கிடைக்கிறது. அதை நம் மின்சாரத்தில் மாட்டினால் காயில் சீக்கிரமே கருகிவிடும், விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். மோட்டாரின் தகட்டில் உள்ள ஆம்பியரையும் குறித்துக்கொண்டு போய், அதற்குக் குறையாத, மோட்டாருக்கென்றே செய்த ஸ்விட்சைக் கேளுங்கள். பில் வாங்காமல் வராதீர்கள்.