எண்ணை மாற்றினால் மற்றவர் கணக்கு தெரிகிறது, இறக்கி வெளியிடலாமா?

கேள்வி: கேரளாவில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர். இறந்துபோனவர்கள் பேரிலும் பஞ்சாயத்தில் பென்ஷன் போகிறது என்று எங்கள் இளைஞர் குழுவுக்குச் சந்தேகம். அம்மாவின் விதவை பென்ஷன் விண்ணப்பம் என்ன ஆனது என்று ஓர் அரசுத் தளத்தில் பார்த்தேன். மேலே முகவரியில் இருக்கும் கடைசி எண்ணை மாற்றினால் வேறு யாருடைய பெயரோ, வங்கிக் கணக்கு எண்ணோ வருகிறது. எண்ணைத் தானாகவே மாற்றி மாற்றிப் பார்க்கும் ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன புரோகிராம்) எழுதி மொத்தத்தையும் இறக்கி ஊர் வாட்ஸப் குழுக்களில் போடலாமா? பொதுநலம்தானே? கோவையில் ஹேக்கிங் வகுப்பு எடுக்கும் ஓர் அண்ணன், 15,000 ரூபாய் கட்டி எத்திக்கல் ஹேக்கர் (நல்ல நோக்கத்தோடு ஓட்டை தேடுபவர்) என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டால் சட்டம் தொடாது என்கிறார்.

பதில்: வேண்டாம் தம்பி. ஸ்கிரிப்டை ஓட்டாதீர்கள். ஏற்கெனவே ஓட்டியிருந்தால் அதோடு நிறுத்திவிட்டு, யாருக்கும் எதையும் அனுப்பாமல் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவு, பொறுப்பில் இருப்பவரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினிக்குள் போவதையும் அதிலிருந்து தரவை இறக்குவதையும் தவறு என்கிறது. பூட்டு இருந்ததா இல்லையா என்று அது கேட்பதில்லை. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடோ ஏமாற்றும் நோக்கத்தோடோ செய்தால் 66ஆம் பிரிவு, மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எனக்கு அந்த நோக்கம் இல்லையே என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதைக் கோர்ட்டில் சொல்லி நிரூபிக்கும்வரை உங்கள் லேப்டாப்பும் போனும் போலீஸிடம்தான் இருக்கும். வாளையார் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு ஹாஸ்டலில் உட்கார்ந்து செய்தால் கேரளாக்காரர்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது மத்தியச் சட்டம், இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

பொதுநலம்தானே என்கிறீர்கள். ஹேக்கர்களே இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். 1981இல் ஜெர்மனியில் தொடங்கிய கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் சங்கம், பொதுத் தரவைப் பயன்படுத்து, தனியார் தரவைக் காப்பாற்று என்று சொல்கிறது. 1984இல் அந்நாட்டுத் தபால் துறையின் கணினிச் சேவை ஓட்டை என்று காட்ட, திறந்தாலே கட்டணம் பிடிக்கும் தங்கள் பக்கத்தை ஒரு வங்கியின் பேரிலேயே ஓயாமல் திறக்க வைத்து, ஒரே இரவில் சுமார் 1,35,000 மார்க் (அந்நாட்டின் அன்றைய நாணயம்) தங்களுக்கு வரவு வைத்தார்கள். பிறகு பத்திரிகைகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி, பணத்தையும் திருப்பினார்கள். அவர்கள் அம்பலப்படுத்தியது அந்தச் சேவையை. உங்கள் ஸ்கிரிப்ட் அம்பலப்படுத்தப்போவது பக்கத்துத் தெரு பாட்டியின் கணக்கு எண்ணை. மறுநாளே, பென்ஷன் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று அவருக்கு போன் வரும். அமெரிக்காவில் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற இளம் புரோகிராமர் இறக்கியது யாருடைய சொந்த விவரமும் இல்லை, வெறும் ஆய்வுக் கட்டுரைகள், அதுவும் இப்படி ஒரு ஸ்கிரிப்ட் வைத்துத்தான். 2011இல் பிடித்தார்கள். கட்டுரைகளை வைத்திருந்த நிறுவனம் சமரசமாகிவிட்டது, அரசு வழக்கறிஞர்கள் விடவில்லை. வழக்கு நடக்கும்போதே 2013 ஜனவரியில், 26 வயதில் தற்கொலை செய்துகொண்டார்.

இப்போது அந்த அண்ணன் விஷயம். இந்தச் சான்றிதழ் வியாபாரத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. டிரைவிங் லைசன்ஸ் இருக்கிறது என்று ஊரான் காரை ஓட்டிக்கொண்டு போக முடியுமா? எந்தக் கம்பெனி தந்த எந்தச் சான்றிதழும் அடுத்தவர் கணினிக்குள் போக அனுமதி ஆகாது. போலீஸ் வந்தால் அந்த அண்ணன் போனை எடுக்க மாட்டார், நீங்கள் சுவரில் மாட்டிய சான்றிதழோ, இவனுக்கு விஷயம் தெரியும், தெரிந்தேதான் செய்திருக்கிறான் என்று உங்களுக்கே எதிராகத் திரும்பும். போலீஸ் சைபர் செல்லில் நமக்கு ஆள் இருக்கிறது, கொஞ்சம் செலவாகும் என்று இன்னொரு ரகம் வரும். அதைவிட மோசம், டேட்டாவை மட்டும் கொடுங்கள், செய்தி நாங்கள் போடுகிறோம் என்று வருகிறவர். லோன் ஏஜெண்டுகளுக்கு இந்தப் பட்டியல் கற்கண்டு.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் கவனமாகப் படியுங்கள். 43ஆம் பிரிவின் உயிர் 'அனுமதி இல்லாமல்' என்பதில் இருக்கிறது. சில நிறுவனங்கள், எங்கள் தளத்தில் ஓட்டை தேடலாம், இன்ன இன்ன பக்கங்களில் மட்டும், இன்ன முறையில், கண்டால் எங்களுக்குச் சொல்லுங்கள், வழக்குப் போட மாட்டோம் என்று எழுதியே வைத்திருக்கும். அந்த எல்லைக்குள் நின்றால் அது அனுமதி. வாய்ச்சொல் போதாது. கிளார்க் தலையாட்டினார், மெம்பர் சரி என்றார் என்பதெல்லாம் கணக்கில் வராது. வேறொரு தளத்தின் அறிவிப்பு இந்தத் தளத்துக்குப் பொருந்தாது. அறிவிப்பு இருந்தாலும், ஓட்டை இருக்கிறது என்று காட்ட ஓரிரு பதிவே போதும், மொத்தத்தையும் அள்ளினால் அனுமதிக்கு வெளியே போய்விட்டீர்கள். நீங்கள் சொல்லும் தளத்தில் அப்படி ஒரு பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த விலக்கு உங்களுக்கு இல்லை.

ஓட்டையை செர்ட்-இன் (CERT-In) என்ற மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்புக்கு எழுதுங்கள். பலவீனங்களைத் தெரிவிக்க என்றே அவர்கள் தளத்தில் மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. எந்தப் பக்கம், எந்த எண்ணை மாற்றினால் என்ன வகை விவரம் வருகிறது, எந்தத் தேதியில் பார்த்தீர்கள், அவ்வளவு போதும். ஸ்கிரீன்ஷாட் வைத்தால் பெயரையும் கணக்கு எண்ணையும் கறுப்படித்து வையுங்கள். அனுப்பியதற்கு வரும் பதிலைப் பத்திரமாக வையுங்கள். ஓட்டையை உடனே அடைப்பார்களா என்று கேட்டால், நல்ல மனதோடு சொல்ல வருகிறவனைத் திருடனைப் போலப் பார்ப்பதில் இருக்கும் சுறுசுறுப்பு நம் ஆபீஸ்களுக்கு ஓட்டை அடைப்பதில் இருந்ததில்லை.

பென்ஷன் விஷயம் தனி, அதில் உங்கள் சந்தேகம் வீண் என்று சொல்ல மாட்டேன். 2024 நவம்பரில் கேரள நிதித்துறையே 1,458 அரசு ஊழியர்கள் சமூகப் பாதுகாப்பு பென்ஷன் வாங்கியதை வெளியிட்டது. எந்த ஹேக்கரும் தேவைப்படவில்லை, பட்டியலோடு பட்டியலை ஒத்துப் பார்த்ததில் சிக்கினார்கள். உங்கள் வழியும் அதுதான். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பெயரும் கணக்கு எண்ணும் கேட்டால் தனிப்பட்ட விவரம் என்று தட்டிவிடுவார்கள், 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு நல்ல சாக்குக் கொடுத்துவிட்டது. அதனால் எண்ணிக்கையாகக் கேளுங்கள்: வார்டு வாரியாக எத்தனை பேருக்குப் பென்ஷன் போகிறது, கடைசி மஸ்டரிங்கில் (பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறாரா என்ற சரிபார்ப்பில்) எத்தனை பேர் வரவில்லை, இறப்பு காரணமாக ஒவ்வொரு மாதமும் எத்தனை பேரை நிறுத்தினார்கள், அதே மாதங்களில் அந்த வார்டில் பதிவான இறப்பு எத்தனை. ஒத்துப் போகாத வார்டு தானே தெரியும்.

மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் இடம் இருக்கிறது. மனு வாங்கியதற்குச் சீல் வைத்த ரசீது இல்லாமல் வெளியே வரவேண்டாம். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கிடைத்த எண்களை ஒரு தாளில் எழுதி உங்கள் வார்டு கிராமசபையில் எழுந்து படியுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூடியாக வேண்டும். படித்ததை மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், ஏற்றச் சொல்லுங்கள்.