வளரும் நாடொன்றில் வாழும்போது அமெரிக்கக் கலாசாரத்தின் தாக்கத்தை எங்கே பார்த்தீர்கள்?

நான் திருச்சிக்காரன். வேலை நிமித்தமாகச் சில வருடங்களாக இலங்கையின் மட்டக்களப்பில் இருக்கிறேன். ஹாலிவுட் படம், ஜீன்ஸ், பீட்சா எல்லாம் இங்கேயும் உண்டு. திருச்சியிலும் உண்டு என்பதால் அதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது கூடைப்பந்து.

கிரிக்கெட்டில் உலகக் கோப்பை வென்ற நாடு இது. ஆனால் மட்டக்களப்பில் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், பழைய பாஸ்கட்போல் ஆட்டங்களைப் பற்றித்தான் கண் விரியப் பேசுவார்கள். 1891இல் மாசசூசெட்ஸில் ஒரு உடற்பயிற்சி ஆசிரியர் குளிர்காலத்துக்காகக் கண்டுபிடித்த உள்ளரங்க விளையாட்டு, இந்த வெயிலில் எப்படி வேர்விட்டது?

காரணம் இயேசு சபைப் பாதிரியார்கள். 1940களில் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்து அமெரிக்க இயேசு சபையினர் கிழக்கிலங்கைக்கு வந்து புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்தார்கள். கையோடு பந்தையும் கொண்டுவந்தார்கள். ஊரின் விளையாட்டரங்குக்கே அவர்களில் ஒருவரான வெபர் பாதரின் பெயர்தான். யூஜின் ஹெபர்ட் பாதர் கூடைப்பந்துப் பயிற்சியாளராகப் பேர்பெற்றவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் தேதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் திரும்பும்போது, உடன் வந்த தமிழ் இளைஞரோடு காணாமல் போனார். இன்றுவரை உடல்கூடக் கிடைக்கவில்லை. 1948இல் வந்த பென் மில்லர் பாதர், போர்க்காலத்தில் காணாமல் போனவர்களின் விவரங்களைப் பதிவு செய்துகொண்டு இங்கேயே இருந்து, 2019இன் முதல் நாளில் இந்த ஊரிலேயே இறந்தார்.

மதம் பரப்பத்தான் வந்தார்கள், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் நிலைமை கெட்டபோது விமானம் ஏறிப் போயிருக்கக்கூடியவர்கள், போகவில்லை. அமெரிக்கத் தாக்கம் என்று இங்கே ஒரு பெரியவரிடம் பேச்செடுத்தேன். "அமெரிக்காவோ? பாஸ்கட்போல் எங்கட விளையாட்டு தம்பி" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

சரி, அம்பாறைப் பக்கம் போனால் கதை வேறு. இங்கினியாகலையில் கல்லோயா ஆற்றை மறித்துக் கட்டிய அணை, அதன் பின்னால் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கம். கட்டியது ஐடஹோவைச் சேர்ந்த மோரிசன் நட்சன் என்ற கம்பெனி. ஹூவர் அணையைக் கட்டிய கூட்டில் இருந்த அதே கம்பெனிதான். திட்டத்தை நடத்த 1949இல் அமைத்த கல்லோயா அபிவிருத்திச் சபைகூட அமெரிக்காவில் அணைகள் கட்டி ஒரு வட்டாரத்தையே மேம்படுத்திய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தைப் பார்த்து உருவானது. அணைக்கு மாதிரி அமெரிக்கா. அந்தத் தண்ணீரை நம்பி யார் யாரை எங்கே குடியேற்றினார்கள் என்பது இலங்கை அரசியல். அதனால் வந்த கசப்பையும் 1956இல் அங்கே தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தையும் அமெரிக்காவின் தலையில் கட்ட முடியாது.

எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் பட்டது பிற்பாடு வந்த இன்னொரு அமெரிக்க வரவு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க நிதியில் கார்னெல் பல்கலைக்கழக ஆட்கள் இலங்கை ஆய்வாளர்களோடு சேர்ந்து கல்லோயாவின் இடதுகரை வாய்க்கால் பாயும் பகுதியில் வேலை செய்தார்கள். படித்த இளைஞர்களைக் கிராமங்களில் தங்கவைத்து, வயல் வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும் விவசாயிகளின் சிறு குழுக்கள் அமைத்தார்கள். வாய்க்காலைத் துப்புரவாக்குவது, முறை வைத்துத் தண்ணீர் விடுவது எல்லாம் குழுவின் பொறுப்பு. மேலே இருந்த சிங்கள விவசாயிகள் கடைமடையிலிருந்த தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொடுத்ததும் நடந்தது. நீர்ப்பாசனம் படிப்பவர்கள் இன்றும் கல்லோயாவை உதாரணமாகக் காட்டுகிறார்கள். வாய்க்கால் கட்டில் நடந்து போகிறவருக்கு இதில் அமெரிக்கா எதுவும் கண்ணில் படாது.