காலப்பயணம் இயற்பியல்படி சாத்தியமா?

எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைப் பொறுத்தது. எதிர்காலத்துக்கு என்றால் முடியும். செய்தே காட்டிவிட்டார்கள், அதுவும் சாதாரணப் பயணிகள் விமானத்தில்.

1971 அக்டோபரில் ஜோசப் ஹாஃபெலே, ரிச்சர்ட் கீட்டிங் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், மிகத் துல்லியமாக நேரம் காட்டும் நான்கு சீசியம் அணுக்கடிகாரங்களோடு உலகைச் சுற்றினார்கள். முதலில் கிழக்கு நோக்கி, அப்புறம் மேற்கு நோக்கி. கடிகாரங்களுக்கும் இருக்கை வாங்க வேண்டியிருந்தது. 'மிஸ்டர் கிளாக்' என்ற பெயரில் டிக்கெட் போட்டார்களாம். திரும்பி வந்து வாஷிங்டனில் இருந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டால், கிழக்கே போனபோது சுமார் 59 நானோ நொடி பின்தங்கியிருந்தன (நானோ நொடி என்பது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). மேற்கே போனபோது சுமார் 273 நானோ நொடி முந்தியிருந்தன.

ஏன் இந்த வித்தியாசம்? பூமி சுழல்வதால் தரையில் சும்மா இருக்கும் கடிகாரமும் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கிழக்கே பறக்கும் விமானத்துக்கு அந்த வேகமும் சேர்ந்துகொள்கிறது. வேகம் கூடினால் காலம் மெதுவாகும். மேற்கே பறப்பதோ, பூமியின் மையத்திலிருந்து பார்த்தால், தரையைவிட மெதுவாகத்தான் போகிறது. இதோடு, உயரத்தில் ஈர்ப்பின் பிடி தளர்வதால் இரண்டு பயணத்திலும் கடிகாரம் கொஞ்சம் விரையும். கிழக்குப் பயணத்தில் வேகத்தின் விளைவே ஜெயித்தது. அந்த விமானத்தில் போனவர்கள் 59 நானோ நொடி எதிர்காலத்தில் இறங்கினார்கள் என்றே சொல்லலாம்.

அற்பமான அளவுதான். ஆனால் ஒளி வேகத்தில் 99.5 சதவீதத்தில் ஒரு வருடம் சுற்றிவிட்டு வந்தால் இங்கே சுமார் 10 வருடம் ஓடியிருக்கும். தடையாக இருப்பது எரிபொருள்தான், இயற்பியல் விதி அல்ல.

கடந்த காலம்தான் சிக்கல். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் அதை வெளிப்படையாகத் தடுக்கவில்லை என்பதே பலருக்கு ஆச்சரியம். 1949இல் கணிதவியலாளர் கர்ட் கோடல், சுழலும் பிரபஞ்சம் ஒன்றில் பழைய கணத்துக்கே திரும்பிவரும் பாதைகள் உண்டு என்று காட்டினார். நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. 1988இல் இயற்பியலாளர் கிப் தோர்னும் அவருடைய மாணவர்களும் புழுத்துளை, அதாவது வெளியில் தொலைவான இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழிச் சுரங்கம், வழியாக ஒரு யோசனை சொன்னார்கள்: ஒரு வாயை ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால் இரு வாய்களுக்கும் இடையே கால வித்தியாசம் உண்டாகும்; ஒன்றில் நுழைந்து மற்றதில் முந்தைய நேரத்தில் வெளிவரலாம். ஆனால் துளை மூடிக்கொள்ளாமல் இருக்க எதிர்மறை ஆற்றல், அதாவது வெற்றிடத்தில் இருப்பதைவிடவும் குறைவான ஆற்றல், வேண்டும். ஆய்வகத்தில், வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்த இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே தோன்றும் காசிமிர் விளைவில் அது துளியூண்டு தலைகாட்டுகிறது, அவ்வளவே. கடந்த காலத்துக்குப் போய், அப்பா பிறக்கும் முன்பே தாத்தாவைக் கொன்றால் நாம் எப்படிப் பிறந்திருப்போம் என்ற புதிரைவிட இதுதான் பெரிய முட்டுக்கட்டை என்பேன்.

கடந்த காலத்துக்குப் போகும் கால இயந்திரம் உருவாகும் கணத்திலேயே இயற்கை அதைக் குலைத்துவிடும் என்று 1992இல் ஸ்டீபன் ஹாக்கிங் ஊகித்தார். ஈர்ப்பையும் அணு அளவு உலகின் விதிகளையும் இணைக்கும் குவாண்டம் கோட்பாடு கைக்கு வராததால் அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. 2009இல் அவர் காலப்பயணிகளுக்கு ஒரு விருந்து வைத்து, முடிந்த பிறகுதான் அழைப்பை வெளியிட்டார். யாரும் வரவில்லை. நல்ல குறும்பு, ஆனால் சாட்சியாக ஏற்க முடியாது: புழுத்துளை இயந்திரத்தில் அது கால இயந்திரமாக மாறிய நாளுக்கு முன்னால் யாராலும் போக முடியாது.